போர்வெல் பிட்டுல வைரம் இருக்குதுங்களா? கார்பன் கேள்வி-பதில்

கேள்வி: ஏனுங்க, ரிக்கு பிட்டு முனைல இருக்கற குண்டு பட்டனெல்லாம் வைரம்ங்கறாங்களே, நெசமா? (திருச்செங்கோடு)

இல்லீங்க, சாதாரணமா அது டங்ஸ்டன் கார்பைடு. வைரத்துல ஒவ்வொரு கார்பன் அணுவும் சுத்தியும் நாலு அணுவை இறுக்கிப் புடிச்சிருக்கும், அதனால சுலபத்துல கீறல் விழாது, ஆனா சுத்தியல்ல ஒரு போடு போட்டீங்கன்னா ஒடஞ்சே போயிரும். பிட்டை அடிச்சு எறக்கற உங்க ஹேமரு பாறையைக் குத்திக் குத்தித்தான எறங்குது, அதுக்கு வைரம் சரிப்படாது. கனிமம் தேடறவங்க பாறையை உருளையா அறுத்து மேல எடுப்பாங்க பாருங்க, அந்த கோர் பிட்டுலதான் வைரம் இருக்கும், அது குத்தாது, சுத்தித் தேய்க்கும். கிரானைட் பிளேடும் அப்படித்தான்.

கேள்வி: கோயமுத்தூர் கணபதில லேத்து வெச்சிருக்கறேன். வைர டூல் வாங்கிட்டா, தேஞ்சு தேஞ்சு மாத்தற வெட்டு முனை (இன்செர்ட்) செலவு மிச்சமாகுங்களா?

என்ன மெட்டல் ஓட்டறீங்கன்னு சொல்லவே இல்லீங்களே! அலுமினியம், பித்தளைன்னா தாராளமா வாங்குங்க. ஸ்டீலுன்னா காசு தண்டம்ங்க, வெட்டற சூட்டுல வைரத்தோட கார்பன் இரும்புக்குள்ள கரைஞ்சு போய் முனை மழுங்கிரும். கடினமாக்குன ஸ்டீலுக்கு சிபிஎன் போடுங்க, அது போரானும் நைட்ரஜனும் சேந்தது, கார்பனே கெடையாது. அப்பறம், வார்ப்பிரும்பு கடைஞ்சா கையெல்லாம் கருப்பாகுதே, அது உள்ள இருக்கற கிராஃபைட்டு, இதுவும் கார்பன்தானுங்க. அந்தச் செதிலுங்க நடுநடுவுல கெடக்கறதாலதான் சீவி வர்ற சிப்பு சுருளாம பொடிப்பொடியா உதிருது.

கேள்வி: மிக்சி மோட்டார்ல கார்பன் கட்டை எதுக்கு? செம்புலயே வெச்சா தேயாதுல்ல?

தேயறதுக்குத்தாங்க அதை வெச்சிருக்கறதே. கிராஃபைட்டு அடுக்கடுக்கா இருக்கும், அடுக்குக்குள்ள ஒரு அணுவுக்கு மூணு பக்கம்தான் துணை, மிச்ச எலக்ட்ரான் அலையறதால கரண்ட் பாயும், அடுக்குக்கு நடுவுல பிடிப்பு கம்மிங்கறதால வழுக்கவும் செய்யும். செம்பு மேல செம்பு ஒரசுனா, கட்டை ஒரசற செம்பு உருளை இருக்குதே, அந்த கம்யூட்டேட்டரே போச்சு, கட்டை தேஞ்சா புதுசு மாத்திக்கலாம்.

கேள்வி: கிராபீன்னா என்னங்க?

கிராஃபைட்டுல ஒரே ஒரு அடுக்கு. 2004ல மான்செஸ்டர்ல கெய்ம், நோவோசெலோவ்னு ரெண்டு விஞ்ஞானிங்க சாதா டேப்பை ஒட்டி ஒட்டியே உரிச்சு எடுத்தாங்க, 2010ல நோபல் கெடச்சுது.

கேள்வி: வைர மோதிரத்தை கல்லோடவே தீயில ஊதி பத்து (சால்டர்) வெக்கலாமுங்களா?

பாத்துங்க, வைரம் எரியும். காத்துல சுமார் 800 டிகிரி வாக்குல போனா கார்பன் டை ஆக்சைடா மாற ஆரம்பிச்சிரும், முழுசா எரியாட்டியும் மேல பால் படிஞ்சாப்புல மங்கிரும். போரிக் ஆசிட் பூசிட்டு பத்து வெய்யிங்க, முடிஞ்சா கல்லைக் கழட்டிட்டே வேலை பாருங்க. அப்படியே கல்லையும் சோதிச்சுக்கங்க, சூடு கடத்தறதை வெச்சு காட்டற டெஸ்டர், வைரம் மாதிரியே இருக்கற மாய்சனைட்டுங்கற வேற கல்லையும் வைரம்னுதான் சொல்லும், அதுக்கு கரண்ட் பாத்துச் சொல்ற டெஸ்டர் தனியா இருக்குதுங்க.