ஆசிரியர் வராத வகுப்பு

கேள்வி: விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். மகன் எட்டாம் வகுப்பு. பள்ளியில் பல பாடவேளைகளுக்கு ஆசிரியர் வருவதில்லை, எந்நேரமும் கூச்சல். கழிப்பறைக்குப் பின்னால் பாக்குப் பொட்டலங்கள் கிடக்கின்றனவாம். பெரிய பையன்களோடு பைக்கில் மலைப்பாதைக்குப் போய்வந்திருக்கிறான். பள்ளியை மாற்றினால் சரியாகுமா?
– வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் கூச்சலைக் கண்டு மிரள வேண்டாம், அந்த வயதில் அது இருக்கத்தான் செய்யும். பெரியவர் கண் படாத நேரமும் இடமும் அப்பள்ளியில் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாத வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெரிய பையனே தலைவன். அவனிடம் பேர் வாங்கவே மற்றவர்கள் துடிப்பார்கள். பொட்டலங்களை நாள்தோறும் பார்க்கும் சிறுவனோ, போடுபவர்கள் நாலைந்து பேராகவே இருந்தாலும், ஊரே போடுகிறது என்று நம்பிவிடுகிறான். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், தோழர்கள் உடனிருந்தபோது பதின்பருவத்தினர் தனியாக ஆடியதைவிடக் கூடுதலாக ஆபத்தைத் தேடினார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. உங்கள் மகனும் தனியாக மலையேறியிருக்க மாட்டான்.

பிரிட்டனின் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழுவினர் லண்டனின் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட முடிவுகளும் இங்கே பொருந்தும். கட்டடத்தின் பழமையைவிட, அதை எப்படிப் பேணினார்கள், பாடம் நேரத்துக்குத் தொடங்கியதா, மாணவர்களுக்குப் பொறுப்பு தரப்பட்டதா என்பவையே நடத்தையோடு தொடர்புகொண்டிருந்தன. ஆயினும் எல்லாப் பழியையும் பள்ளிமேல் போடுவதற்கில்லை. தெருவும், ஆளில்லாத வீட்டின் மாலைப் பொழுதும் அதே பக்கம்தான் இழுக்கின்றன.

‘நாலு சாத்து சாத்துங்கள்’ என்று மட்டும் ஆசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்திருக்கிறது. அடிக்குப் பயந்தவன் பொட்டலத்தை விடமாட்டான், ஒளிக்கும் இடத்தைத்தான் மாற்றுவான். அரசுப் பள்ளியென்றால் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே. காலியான பாடவேளைக்கு மாற்று ஆசிரியர், இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஒருவர், பிள்ளை வராத அன்றே வீட்டுக்குத் தொலைபேசி ஆகிய மூன்றையும் அங்கே கேளுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், வாசலில் பெட்டிக்கடை இருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையாத பள்ளியென்றால் மாற்றலாம். ஆனால் கம்பத்துக்கு மாற்றுவதாக இருந்தால், பேருந்துக்காக அவன் நிலையத்தில் நிற்கப்போகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பார்க்க ஆளில்லை.