பட்டியலில் விடுபடும் பெயர்: வாசகர் கேள்வி – பதில்

வன்னியில் தொண்டு நிறுவனங்களோடு வேலை செய்வோரும் செய்ய நினைப்போரும் அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இம்முறை பதில்.

கிளிநொச்சி வாசகி: பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து திரும்பும் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு நிறுவனம் தொண்டராக வரச்சொல்கிறது. போகலாமா?

போகலாம். எவ்வளவு தருவீர்கள் என்று முதலிலேயே கேட்பதில் வெட்கமில்லை. கிழமைக்கு ஐந்து நாள், காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை, வரவுப் புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தால் அதற்குப் பெயர் உத்தியோகம். நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளத்தில் உங்கள் பங்காக 8 வீதமும் நிறுவனத்தின் பங்காக 12 வீதமும் ஈ.பி.எவ். என்ற ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டவேண்டும். அதற்கு மேல் 3 வீதம் ஈ.ரி.எவ். (ஊழியர் நம்பிக்கை நிதி) நிறுவனத்தின் பொறுப்பு. "தொண்டர்" என்ற சொல்லை இந்தக் காசை மிச்சம் பிடிக்கவே சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

கிழமையில் ஒருநாள் இரண்டுநாள் போய்வருவதென்றால் படிக்காசு போதும். பெற்றோல் காசு மட்டும் தனியாக இருக்கட்டும். துணுக்காய்ப் பக்கம் உள்வீதியில் இரண்டு வீடு பார்த்து வரவே அரைநாள் போய்விடும். நிறுவனத்தின் பதிவு இலக்கத்தையும் கேட்டு வையுங்கள். பதிவில்லாத பெயரில் வீடு வீடாக விபரம் திரட்டினால் ஜி.எஸ். (கிராம சேவகர்) உங்களைத்தான் மறிப்பார்.

செட்டிகுளம் தொண்டர்: தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய குடும்பம். மூன்று பிள்ளைகளும் அங்கே பிறந்தவர்கள். மூத்தவனுக்கு 16 வயது, அடையாள அட்டை எடுக்க முடியவில்லை. எங்கே தொடங்குவது?

குடியுரிமைப் பதிவில். அடையாள அட்டை அதற்குப் பிறகுதான். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. இங்கேயோ, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவில் பதியவேண்டும். பதியும் வரை பிள்ளை இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவதே முறை. பிந்தினால் காரணம் எழுதி அனுமதி பெறவேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் முன்பே பதிந்திருக்கவும் கூடும். ஆகவே முதல் வேலையாகத் தாயின் சூட்கேசைக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பக் கோவையில் சேர்க்கத் தேவையானவை பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அவர்களின் அடையாள அட்டை. பெரும்பாலும் சிக்குவது பெற்றோரின் கடதாசியில்தான். 1990இல் கைக்குழந்தையாகப் படகேறியவருக்கு இன்று பிறப்புச் சான்றிதழே இருக்காது. பதிவாளரிடம் முதலில் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள். பதிவு கிடைக்கவில்லை என்று எழுத்தில் வந்த பிறகே உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போகவேண்டும். நேரே அதற்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், ஒரு பயணக்காசும் வீண். முகாமில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, ஊருக்கு வந்த பின் விவாகத்தைப் பதிந்தவர்களும் உண்டு. பிள்ளை பிறந்த திகதிக்குப் பிந்திய விவாகத் திகதியை மறைக்கப் பார்க்காமல் சத்தியக் கடதாசியில் உள்ளபடி எழுதுவித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். ஒரு தாளில் கட்டம் கீறி, ஒவ்வொரு கடதாசியிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுங்கள். தகப்பன் இங்கே "சிவகுமார்", அகதி அட்டையில் "சிவக்குமார்", பிள்ளையின் சான்றிதழில் வெறும் "சிவா". தாயின் "தேவி" ஆங்கிலத்தில் அங்கே டி எழுத்தில் தொடங்கும், இங்கே ரி.எச். எழுத்துகளில் தொடங்கும். எல்லா வடிவங்களையும் ஒரே சத்தியக் கடதாசியில் சேர்த்து, சமாதான நீதவான் முன் ஒரே தரத்தில் ஒப்பமிடுவியுங்கள். பெயர் வித்தியாசத்துக்கு இது பெரும்பாலும் போதும். பிறந்த திகதி வித்தியாசத்துக்குப் போதாது. அதைச் சான்றிதழிலேயே திருத்தவேண்டும்.

மூலப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். லமினேற் பண்ணவும் வேண்டாம், பிறகு முத்திரை குத்த இடமிருக்காது.

ஒட்டுசுட்டான் வாசகர்: வெள்ளத்தால் இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருக்கும் 120 குடும்பங்களுக்கு உலர் உணவும் தரப்பாளும் கொடுக்கப்போகிறோம். போனமுறை வரிசையில் சண்டை வந்துவிட்டது. எப்படித் தவிர்ப்பது?

அந்தச் சண்டை முதல்நாள் பட்டியலிலேயே தொடங்கிவிடும். ஜி.எஸ். வைத்திருக்கும் பட்டியல் குடும்ப அட்டைப்படி இருக்கும். ஒரே வளவில் தனிச் சமையல் செய்யும் கலியாணம் கட்டிய மகன், வாடகைக்கு இருப்பவர், போன மாதம் இந்தியாவிலிருந்து வந்தவர், கணவனின் பெயரிலேயே இன்னமும் அட்டை கிடக்கும் பெண் தலைமைத்துவக் குடும்பம் எல்லாம் அதில் விடுபடும். ஜி.எஸ். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறை வகுப்பறையாகப் போய் அடுப்புகளை எண்ணுங்கள். முதல்நாள் பின்னேரம் பெயர்களை மட்டும், அடையாள அட்டை இலக்கம் இல்லாமல், சுவரில் ஒட்டி உரத்தும் வாசியுங்கள். விடுபட்டவர் அன்றிரவு வந்து சொன்னால் ஒரு வரி கூட்டி எழுதலாம். காலையில் லொறிக்குப் பின்னால் நின்று சொன்னால் அடிபிடிதான். 120க்கு 126 பொதியாகக் கட்டுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு 2 நிமிடம் என்றால் ஒரு மேசையில் 4 மணித்தியாலம் பிடிக்கும். மூன்று மேசை போட்டு 40, 40 ஆகப் பிரித்தால் 80 நிமிடத்தில் முடியும். ரோக்கனில் இலக்கத்தோடு நேரத்தையும் எழுதுங்கள். செயற்கைக் கால் போட்டவர்கள், கர்ப்பிணிகள், வயோதிபர்களுக்கு முதல் அரைமணி நேரம்.

அரிசியை மேசையில் வைத்து அள்ளிப் போடவேண்டாம். 50 கிலோ சாக்கில் 10 கிலோ வீதம் ஐந்து பங்கு என்று கணக்குச் சரிவரும். கையால் அள்ளும்போது முதல் நாலு பங்கும் சற்றுக் கூடி, ஐந்தாவது ஆளுக்குக் குறையும். முதல்நாளே தராசில் நிறுத்துக் கட்டுங்கள்.

தரப்பாள் விடயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 4 மீற்றருக்கு 5 மீற்றர் தரப்பாள் விரித்தால் 20 சதுர மீற்றர். ஒன்றரை மீற்றர் உயரத்தில் 5 மீற்றர் நீளவாக்கில் வளைத்தடி கட்டி இரண்டு பக்கமும் நிலம் வரை இறக்கினால் உள்ளே கிடைப்பது ஏறக்குறைய 13 சதுர மீற்றர், அதிலும் ஓரங்களில் குனிந்துதான் இருக்கலாம். மனிதாபிமானப் பணியில் பின்பற்றும் ஸ்பியர் அளவுப்படி ஆளுக்கு 3.5 சதுர மீற்றர், ஐந்து பேருக்கு 17.5. ஆகவே பெரிய குடும்பத்துக்கு இரண்டு தரப்பாள் கொடுங்கள், முடியாவிட்டால் பக்கச் சுவருக்குக் கிடுகாவது கொடுங்கள். மேலேயும் ஒரு அடுக்குக் கிடுகு போட்டால் மழை விட்ட அடுத்தநாள் வெயிலில் உள்ளே இருக்கலாம். மூலையில் கயிறு கோக்கும் கண் கிழிந்தால் ஒரு சிறு கல்லைத் தரப்பாளில் சுற்றி, அதன் கழுத்தில் கயிறு கட்டுங்கள். காற்றுக்கு அது கழராது.

அதே ஸ்பியர் அளவில் ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர். நாலு பேர் வீதம் 480 பேருக்கு 7,200 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் ஒருதரம் வந்தால் காணாது.

முல்லைத்தீவு வாசகர்: 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு மியன்மாரைச் சேர்ந்த ரோஹிங்கியா முஸ்லிம் மக்களின் படகு வந்ததுபோல் இன்னொன்று வந்தால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

அன்று 100க்கும் மேற்பட்டோர் வந்தார்கள், ஊரே சாப்பாடு கொண்டு ஓடியது. மனம் சரி. ஆனால் பலநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் ஒரேயடியாகச் சோறும் சீனியும் போனால் இரத்தத்தில் பொஸ்பரசும் பொற்றாசியமும் சடுதியாக இறங்கி இதயம் தடுமாறும். முதலில் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்), ஒரு பைக்கற்றுக்கு 1 லீற்றர் கொதித்தாறிய நீர். ஜீவனி இல்லாவிட்டால் அதே 1 லீற்றரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. மிடறு மிடறாகக் கொடுங்கள். இளநீரில் உப்பு குறைவு, அது மட்டும் போதாது. பிறகு ஐதான உப்புக் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக. கஞ்சி காய்ச்ச முள்ளிவாய்க்காலுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மயக்கமானவர்களையும் கர்ப்பிணிகளையும் கஞ்சிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

முஸ்லிம் நண்பர் ஒருவரைக் கூட்டிவந்தால் பேசிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். தொழுகை ஒன்று, பேச்சு வேறு. அவர்களின் மொழி சிட்டகொங் பக்கத்துப் பேச்சுக்குக் கிட்ட. தனியே வந்த சிறுவர்களை முதல்நாளே தனிப் பட்டியலில் எழுதி, பொறுப்பான அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். "இங்கேயே இருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இலங்கை இணையவில்லை, அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது.

மல்லாவி வாசகி: பொருள் கொடுக்கும்போது வெளிநாட்டுக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

கட்டி அடுக்கிய பொதிகள், தராசில் முள் நிற்கும் இடம், இலக்கத்தை மறைத்த கையெழுத்துப் பட்டியல், கடைப் பற்றுச்சீட்டு இவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். காசு கொடுத்தவருக்குக் கணக்குத்தான் தேவை. வாங்குபவரின் முகம் வேண்டும் என்று வற்புறுத்தினால், பொருள் கொடுத்து முடிந்து இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கையில் அரிசிப் பொதியோடு நிற்பவரிடம் சம்மதமா என்று கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவார்?