கறுப்பு வெள்ளைப் படம் நிறம் மாறாமல் இருக்க எந்த இங்க் வாங்கலாம்?

எப்சன் எல்805 பிரிண்டரை வைத்துக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் தாத்தா, பாட்டி படங்களைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடுபவராகத்தான் இருப்பீர்கள். நேராகச் சொல்கிறேன்: அதில் எந்தக் கம்பெனி டை இங்க் (கரைந்த சாயம்) ஊற்றினாலும் இந்த வேலைக்கு ஆகாது.

எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு அம்மா, வேறு கடையில் அச்சிட்ட கணவர் படத்தைக் கொண்டுவந்தார். கண்ணாடி போடாமல் ஹாலில் மாட்டியது. முகமெல்லாம் செம்மண் நிறம். "உயிரோட இருந்தப்ப கறுப்புதான் தம்பி, இப்பதான் சிவந்துட்டார்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

காரணம் இதுதான். எல்805இல் சாம்பல் நிற இங்க் கிடையாது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சளைக் கலந்துதான் சாம்பலைக் காட்டுகிறது. மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. சயான் முந்தினால் படம் சிவக்கும், மெஜந்தா முந்தினால் பச்சையடிக்கும். வெயில் மட்டும் காரணமில்லை, காற்றில் உள்ள ஓசோனும் அரிக்கும். 2000இல் எப்சன் 870, 1270 பிரிண்டர்களில் போட்ட படங்கள் ஆரஞ்சு நிறமாக மாறி உலகம் முழுக்கப் புகார் கிளம்பியதும் இதனால்தான்.

நாங்கள் அந்தப் படத்தை கறுப்பும் இரண்டு சாம்பலுமாக மூன்று கறுப்பு உள்ள எப்சன் கே3 பிக்மென்ட் இங்க்கில் (கரையாத நுண்துகள் நிறம்) போட்டுக் கொடுத்தோம். 2005இல் ஆர்2400 பிரிண்டருடன் வந்த இங்க் அது. அந்த பிரிண்டரின் 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' மோடில் பெரும்பகுதி கறுப்பும் சாம்பலும்தான். வண்ணம் கொஞ்சம்தான் சேரும். செப்பியா (பழைய படம் போன்ற பழுப்பு) கேட்டால் வண்ணம் கூடும், நான் தவிர்க்கச் சொல்வேன். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கார்பன் துகள் மட்டுமே உள்ள முழுக் கார்பன் இங்க். லேசாகப் பழுப்படிக்கும், அதை ஊற்றிய பிரிண்டரில் கலர் படமும் போட முடியாது. பேப்பரில் வெண்மையூட்டி இருந்தால் அதுவும் நாளடைவில் மஞ்சளாகும், பார்த்து வாங்குங்கள்.

எல்805ஐக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எங்களுக்கும் அதில்தான். "லேப் பிரிண்ட்தான் நிலைக்கும்" என்பவர்களுக்கு: கலர் லேப் பேப்பரில் வரும் கறுப்பும் சாயக் கலவைதான்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறிய படத்தை அனுப்பி "12க்கு 18 போடுங்க, கண்ணு தெளிவா வரணும்" என்பவர்களை என்ன செய்வது? ஆல்பத்திலிருந்து மூலப் படத்தையே எடுத்து வரச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு நான் தனியாகக் காசு வாங்குவதில்லை.