மச்சாளின் பாலிப் பயணமும் ஏழு பவுன் அடைவும்

கேள்வி: பரந்தனுக்கு அருகில் உள்ள பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கழிவுகள் போக 68,000 ரூபா கையில் வரும். கணவர் இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறார். அவருடைய அக்கா குடும்பம் கனடாவிலிருந்து ஒவ்வொரு ஆவணியிலும் வருவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் என் ஏழு பவுன் நகையை (நாலு பவுன் காப்பு, மூன்று பவுன் சங்கிலி) வங்கியில் 15 வீத வட்டிக்கு அடைவு வைத்து, 4 இலட்சம் எடுத்து, அவர்களைப் பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் தங்க வைத்தோம். போன வருடம் அதே நகையைத் திருப்பி வைத்து ஏழரை இலட்சம் எடுத்து, பழைய கணக்கைத் தீர்த்து, மிச்சத்தில் நிலாவெளிக்குப் போனோம். அந்தப் பற்றுச்சீட்டை இணைத்திருக்கிறேன். இந்த முறை மச்சாள் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இந்தோனேசியாவின் பாலித் தீவில் கடலோர விடுதி பேசியிருக்கிறார். எங்கள் இருவருக்கும் விமானச் சீட்டும் பங்கும் சேர்த்து ஐந்தரை இலட்சம் வேண்டும். தங்கம் ஏறியிருப்பதால் இப்போது 14 இலட்சம் வரை தரலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். கணவரின் நண்பரோ கடனட்டையில் வட்டியில்லாத 24 மாதத் தவணையில் போகலாம் என்கிறார். எது நல்லது? நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்த காலத்தில் எங்களைப் பார்த்தவர் மச்சாள்தான். அவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். ஏன் என்பதற்குரிய விடை உங்கள் கடிதத்திலேயே, போகிற போக்கில் எழுதிச் சென்ற “திருப்பி வைத்து” என்ற சொல்லில் இருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் ஒரு வங்கியின் அடைவுப் பிரிவில் வேலை செய்தவன். ஆவணி பிறந்துவிட்டால், போன வருடச் சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வரும் பெண்கள், “மீட்க எவ்வளவு வேண்டும்?” என்று கேட்பதில்லை, “இப்ப கூட எவ்வளவு தருவீங்கள்?” என்றுதான் கேட்பார்கள். நகை உறையிலிருந்து வெளியே வரும், உரைகல்லில் ஒரு கோடு இழுக்கப்படும், தராசில் நிறுக்கப்படும், அதே மேசையிலேயே புதிய உறைக்குள் போய்விடும். உடைமைக்காரியின் கைக்கு அது அரை நிமிடம்கூட வராது. அவர் புதிய காசுடன் வெளியே போவதால், கடன் எடுத்தோம் என்ற எண்ணத்தைவிட நகை நமக்கு இன்னும் கொஞ்சம் தந்தது என்ற எண்ணமே மிஞ்சிவிடும்.

உங்கள் கணக்கைப் பருமட்டாகப் போட்டுப் பார்ப்போம். முதல் வருடம் எடுத்தது 4 இலட்சம், வட்டி 60,000. போன வருடம் ஏழரை இலட்சம் எடுத்தபோது அதில் 4,60,000 பழைய கணக்குக்கே போய்விட்டது, உங்கள் கைக்கு வந்தது 2,90,000 மட்டும். இந்த வருட வட்டி 1,12,500. ஆக, நீங்கள் கண்ணால் கண்ட காசு 6,90,000. இன்று கட்ட வேண்டியது 8,62,500. இந்த இரண்டு வருடங்களில் வட்டியென்று ஒரு ரூபாவும் உங்கள் சம்பளத்திலிருந்து போகவில்லை. முதல் வருட வட்டி முதலுக்குள் போய், இரண்டாம் வருடம் அதற்கும் வட்டி ஏறியதால்தான் அது உங்களுக்கு வலிக்கவில்லை. இப்போது 14 இலட்சத்துக்குத் திருப்பி வைத்தால் கையில் கிடைப்பது 5,37,500. மச்சாள் கேட்ட ஐந்தரை இலட்சத்துக்கே அது 12,500 குறைவு. அதன் பின் வட்டி வருடத்துக்கு 2,10,000, அதாவது மாதம் 17,500. உங்கள் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல்.

தங்கம் இப்படியே ஏறிக்கொண்டிருக்கும், அடுத்த ஆவணியில் இன்னும் கூடத் தருவார்கள் என்ற நம்பிக்கையை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் அதன் மேல்தான் நிற்கிறார்கள். நம் நாட்டில் தங்கத்தின் விலை உலகச் சந்தையோடு டொலரின் விலையையும் சார்ந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது பவுனும் கூடவே ஏறியது. 2023 இல் ரூபா சற்று நிமிர்ந்தபோது இறங்கியது. அப்படி இறங்கும் வருடத்தில் உங்கள் சீட்டு முதிர்ந்தால் வங்கி கூடத் தராது. மாறாக, குறைகிற தொகையை நீங்கள்தான் கையிலிருந்து வைக்க வேண்டும், வைக்க முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

நீங்கள் அனுப்பிய நிலாவெளிப் பற்றுச்சீட்டையும் பார்த்தேன். தொலைபேசியில் அறை 32,000 என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று அறை, இரண்டு இரவு என்றால் 1,92,000. அதன் மேல் 10 வீதச் சேவைக் கட்டணம், அப்படி வந்த தொகையின் மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி, முடிவில் 2,49,216. கேட்டதற்கும் கட்டியதற்கும் 57,000 ரூபாவுக்கு மேல் வித்தியாசம். கண்டிய நடனமும் தீப்பந்த ஆட்டமும் பார்க்கத் தனியாக 24,000. மிஞ்சிய ஏறத்தாழ 17,000 வானுக்கு டீசல் அடிக்கவே போயிருக்கும். பாலியிலும் இதே கதைதான்: பெரிய ஹோட்டல்கள் சொல்லும் விலையின் மேல் வரியும் சேவைக் கட்டணமுமாகப் பெரும்பாலும் 21 வீதம் சேரும், 2024 பெப்ரவரி முதல் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 1,50,000 இந்தோனேசிய ரூபியா நுழைவு அறவீடு கட்ட வேண்டும், உளுவாத்துக் கோயிலடியில் பொழுது சாயும் நேரம் ஆண்கள் வட்டமாக இருந்து “சக், சக்” என்று குரலாலேயே தாளம் போட்டு இராமாயணக் கதையை ஆடும் கெச்சாக்குக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். யூலையும் ஓகஸ்ட்டும் அங்கே கூட்டம் நிறைந்த, விலை ஏறிய மாதங்கள். பார்க்கத் தகுந்த இடம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐந்தரை இலட்சம் என்பது தொடக்கத் தொகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டியில்லாத் தவணை பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 5,50,000 ஐ 24 ஆல் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 22,900. முதலில் ஒரு கையாளல் கட்டணம் பிடிப்பார்கள்; ஒரு தவணை தவறினால் கடனட்டையின் வழக்கமான வட்டி ஓடத் தொடங்கும். ஏற்கெனவே 8,62,500 கடனை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் இன்னொன்றை வைக்கச் சொல்லும் இந்த விளம்பரங்கள் கிளிநொச்சி வரை வந்துவிட்டதைக் கண்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் கேட்க வேண்டாம்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்க வந்த விடயம். முகாமிலிருந்து வெளியே வந்து கூரைத் தகரத்துக்கும் கிணறு இறைக்கவும் காசில்லாமல் நின்றபோது அனுப்பிய ஒருவரை மறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் மச்சாள் அன்று அனுப்பியது நீங்கள் மறுபடி நிமிர வேண்டும் என்பதற்காக. உங்கள் காப்பு வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் நிலாவெளியில் ஒரு வாய்ச் சோறும் உண்டிருக்க மாட்டார். அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை, உங்கள் கணவரும் சொல்லவில்லை. கணவரை அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லுங்கள். தம்பி அக்காவிடம் சொல்வதில் மானக்கேடு எதுவுமில்லை. “அக்கா, போன இரண்டு முறையும் நகையை வைச்சுத்தான் செய்தனாங்கள். இந்த முறை எங்களால வர ஏலாது, நீங்கள் போயிட்டு வாங்கோ, வரேக்க வீட்டில வந்து நில்லுங்கோ” என்று இந்த இரண்டு வசனங்களும் போதும். விடுதிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கட்டிய பின் சொன்னால் உங்கள் பங்கை அவர் சுமக்க நேரும், அது வேறு மனத்தாங்கலாகிவிடும். மச்சாளின் பிள்ளைகள் நிலாவெளிக் குளியல் தடாகத்தைவிட, முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்களோடு தாங்களும் கயிற்றைப் பிடித்து இழுத்ததைத்தான் கனடாவில் போய்ச் சொன்னார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்களுக்குச் செலவானது வானுக்கும் பொதிச் சோற்றுக்கும் மட்டும்.

கடனை எப்படி முடிப்பது என்பதுதான் மிச்சம். நகைக்கடையில் பழைய நகைக்குப் பவுன் ஒன்றுக்கு என்ன விலை தருவார்கள் என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். கழிவு போக 2,90,000 தருவார்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்று பவுன் சங்கிலி 8,70,000. உங்கள் முழுக் கடனும் அதில் அடங்கிவிடும், நாலு பவுன் காப்பு வீட்டுக்கு வரும். சங்கிலியோ வங்கியில் இருக்கிறது. ஆகையால் சீட்டு முதிரும் நாளில் முழுவதையும் திருப்பி வைக்காமல், காப்பை மட்டும் புதிய சீட்டில் வைக்கக் கேளுங்கள். 14 இலட்சம் என்று சொன்ன கணக்கில் பவுனுக்கு 2 இலட்சம் வருவதால் காப்புக்கு 8 இலட்சம் கிடைக்கும். குறைகிற 62,500 ஐச் சிறுபோக நெற்காசிலிருந்து போடுங்கள். சங்கிலி அன்றே கைக்கு வரும். அதை விற்று, அடுத்த நாளே காப்பை மீட்டுவிடலாம். ஓரிரு நாளில் மீட்டாலும் குறைந்தபட்ச வட்டி எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலே கேட்டுவிடுங்கள். “அடைவு நகையை மீட்டு வாங்குவோம்” என்று பலகை போட்டிருப்பவர்களிடம் போக வேண்டாம். உங்கள் அவசரத்துக்கும் சேர்த்தே அவர்கள் விலையைக் குறைப்பார்கள்.

அம்மா போட்ட சங்கிலியை விற்க மனம் ஒப்பாவிட்டால், அதையும் மதிக்கிறேன். அப்போது ஏழரை இலட்சத்துக்கே சீட்டைப் புதுப்பித்து, இந்த வருட வட்டி 1,12,500 ஐ நெற்காசிலிருந்து கட்டி, மாதம் 20,000 வீதம் பகுதி பகுதியாகக் கட்டி வாருங்கள். முழுவதும் தீர நாலு வருடத்துக்கு மேல் எடுக்கும், வட்டி வீதம் இதே அளவில் நின்றால். இரண்டில் எதைத் தெரிவு செய்தாலும் சீட்டிலுள்ள திகதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வங்கிக்குப் போங்கள். ஆவணி கடைசியில் அந்த மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசையில் நின்றுகொண்டு நிதானமாகப் பேச முடியாது.