நைட் ஷிஃப்ட், தூக்கம், டென்ஷன்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை டென்ஷன் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதைத்தான். ஷிஃப்ட், தூக்கம், அலுப்பு பற்றி எதுவும் கேட்கலாம். மாத்திரைப் பெயர் மட்டும் வேண்டாம்.

சி ஷிஃப்ட்காரன்: டாக்டர் சார், காலையில் எட்டு மணிக்கு ரூமுக்கு வந்து படுத்தால் பதினோரு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் புரண்டு படுப்பதுதான். லைனில் யார் என்ன சொன்னாலும் சுள்ளென்று கோபம் வருகிறது. தூங்க ஏதாவது மாத்திரை?

மாத்திரை கிடையாது. விழிப்பு வருவது உங்கள் தப்பும் இல்லை. ஆறு நாள் இரவு வேலை பார்த்தாலும் உடம்பு பகலைப் பகல் என்றேதான் கணக்கு வைத்திருக்கும். விடியற்காலை நாலு மணி வாக்கில் உடம்புச் சூடு ஆகக் குறைவாக இருக்கும், அப்போதுதான் தூக்கம் அழுத்தும். பொழுது ஏற ஏறச் சூடும் ஏறும், தூக்கம் கலையும். இதில் நீங்கள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முகத்தில் வெயில் வாங்கிக்கொண்டு வந்தால் மூளை எப்படி அடங்கும்? உள்பக்க சீட்டில் உட்காருங்கள், கூலிங் கிளாஸ் போடுங்கள், கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியோ அட்டையோ அடியுங்கள். நாலு பேர் தங்கும் ரூமில் முடிந்தால் ஒரே ஷிஃப்ட்காரர்களாகச் சேர்ந்துகொள்ளுங்கள், ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் குக்கர் வைத்தால் ஒன்றும் நடக்காது.

அப்புறம் டீ. நாலரை மணிக்கு ஒரு டீ அடிக்கிறீர்கள்தானே? அதிலிருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதாவது எட்டு மணிக்குப் படுக்கும்போது பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கும். கடைசி டீயை இரண்டு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் மூன்று மணி நேரத்தில் விழித்தால் சாயந்திரம் பஸ்ஸுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் இன்னொரு தூக்கம் போடுங்கள். கோபத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம், பெரும்பாலும் அது பாதியாகியிருக்கும்.

செய்யாறு பைக்: நைட் முடித்து பைக்கில்தான் வீடு திரும்புகிறேன். முகம் கழுவி டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் போதுமா?

போதாது. காலையில் எழுந்து பகலெல்லாம் விழித்திருந்து இரவு வேலைக்கும் போனவர், வீடு திரும்பும்போது 24 மணி நேரமாகத் தூங்காதவர். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலியாவில் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். நம் ஊரில் 0.03க்கு மேல் போனாலே போலீஸ் பிடிக்கும், தூக்கத்தை ஊதிப் பார்க்க மட்டும் கருவி இல்லை. பஸ்ஸில் போங்கள். வழியே இல்லையென்றால் கேன்டீன் பெஞ்சில் 20 நிமிடம் தூங்கி, கால்மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

பெயர் வேண்டாம்: சார், தூக்க மாத்திரை அரை மட்டும் போட்டால்?

மேலே பாருங்கள்.

சுகர் உள்ளவர்: நைட் ஷிஃப்டில் இன்சுலின் எத்தனை மணிக்குப் போடுவது?

உங்கள் சுகர் டாக்டரிடம் ஷிஃப்ட் நேரத்தை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இங்கே சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா மட்டும் வேண்டாம்.

குவாலிட்டி டிபார்ட்மெண்ட்: மேடம் ஒருவர் வந்து எனக்கு 'பர்ன் அவுட்' என்றார். அது நோயா? கம்பெனியில் யோகா வகுப்பு வைத்திருக்கிறார்கள், போகலாமா?

நோய் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. 2019இல் ஏற்ற தன் பட்டியலில், சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியால் வருவது என்றுதான் எழுதியிருக்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையே கசந்துபோவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது. வேலையிலிருந்து வருவதற்கு வேலையில்தான் மருந்து தேட வேண்டும். யோகா நல்லது, ஆனால் நைட் முடிந்த காலை ஆறரைக்கு வைத்தால் அது தூக்கத்தில் கைவைப்பது. வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் போனால் காத்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழில் பேசலாம்.

பிளானிங் ஆள்: ஐயா, எங்களிடம் மூன்று குரூப், வாரம் ஒரு ஷிஃப்ட். ஏ காலை ஆறுக்கு, பி மதியம் இரண்டுக்கு, சி இரவு பத்துக்குத் தொடங்கும். சி, பி, ஏ என்று சுற்றுகிறோம். இது தப்பு என்கிறார் எங்கள் நர்ஸ்.

நர்ஸ் சொல்வது சரி. உடம்புக் கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தள்ளித் தூங்குவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். ஏ, பி, சி என்று சுற்றுங்கள். ஆளும் கூட வேண்டாம், செலவும் இல்லை.

பிளானிங் ஆள்: கணக்குப் போட்டுப் பாருங்கள் ஐயா. சி ஷிஃப்ட் ஞாயிறு காலை ஆறுக்கு முடியும், திங்கள் காலை ஆறுக்கே ஏ. நடுவில் 24 மணி நேரம்தான். இப்போது இருக்கும் சுற்றில் குறைந்தபட்ச இடைவெளியே 32.

சபாஷ், இதுதான் கேள்வி. சனி இரவை விட்டுவிட்டு வாரத்தை ஞாயிறு இரவு பத்துக்குத் தொடங்குங்கள். சி குரூப் சனி காலை ஆறுக்கு முடிக்கும், திங்கள் ஏ வரை 48 மணி நேரம். ஏ முடிந்து பி வரவும் 48. சனி இரவு பத்துக்கு முடிக்கும் பி குரூப்புக்கு மட்டும் ஞாயிறு இரவு வரை 24, ஆனால் அது தள்ளித் தூங்கும் பக்கம், உடம்பு தாங்கும். ஷிஃப்ட் எண்ணிக்கை அதேதான்.

சி ஷிஃப்ட்காரன்: மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு ராத்திரி போய்விடும், சார்!

போகும். பதிலுக்கு சனி ராத்திரிகள் எல்லாம் உங்களுக்கு. குரூப்பில் கேட்டுவிட்டுப் போடுங்கள், பிளானிங் ஐயா, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்.

பிளானிங் ஆள்: பையன்களே அலவன்ஸுக்காகக் கூடுதல் நைட் கேட்கிறார்கள்.

வாடகை வீடு: அந்த அலவன்ஸ் இல்லாவிட்டால் வாடகை கட்ட முடியாது, டாக்டர். சும்மா ஆசைக்கா கேட்கிறோம்?

தெரியும். அப்படியென்றால் அது சம்பளக் குறை, அதைத் தூக்கத்தை விற்று அடைக்கச் சொல்ல மருத்துவனாக என்னால் முடியாது. தொடர்ந்து இரவு வேலையைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியவற்றில் ஒன்றாக 2007லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது, 2019இல் மறுபடி பார்த்தும் எடுக்கவில்லை. அலவன்ஸ் கணக்கில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

புதியவர்: சார், நல்ல தூக்க மாத்திரை...

இல்லை. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவுக்காக: நைட் முடித்து வந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார், சார். உடம்பு சூடாம்.

எண்ணெய் தேய்த்தால் பகலில் தூங்காதே என்றும் அவரேதான் சொல்வார். வீக் ஆஃப் அன்று குளியுங்கள்.