தினமும் சிரப் குடித்தால் பழகிவிடுமா?

கேள்வி: 70 வயது அம்மா மலச்சிக்கலுக்குத் தினமும் லாக்டுலோஸ் சிரப் குடிக்கிறார். குடலுக்கு அதுவே பழகிவிடாதா டாக்டர்?

பதில்: பயப்படாதீர்கள். அது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்குகிறது. டாக்டர் சொன்ன அளவில் நீண்ட நாள் எடுக்கலாம். வேலை செய்ய 2 நாள்கூட ஆகும், அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள். தொடக்கத்தில் வயிறு உப்பும். தண்ணீராகப் போனால் அளவைக் குறைக்க வேண்டும்.

என்னிடம் வருபவர்களிடம் முதலில் மாத்திரைப் பையைத்தான் வாங்கிப் பார்ப்பேன். இரும்புச்சத்து, கால்சியம், சில வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும். அப்புறம், இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று வயதானவர்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, வயிறு வீங்கி வாந்தி என்றால் சிரப்பை நம்பி இருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.