மேடைக்குப் பின்னால் நிற்கும் மகள்

கேள்வி: என் மகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் எப்போதும் முதல் மாணவி. அங்கே முதல் ஆண்டுத் தேர்வில் இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. மாலை நேரமெல்லாம் மாணவர் நாடகக் குழுவோடு கழிகிறது என்பது இப்போதுதான் தெரியவந்தது. நடித்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். மேடைக்குப் பின்னால் விளக்கு வேலை பார்க்கிறாளாம். இதற்காகவா கடன் வாங்கி அனுப்பினோம்? நிறுத்தச் சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் வகுப்பு என்றதும் நீங்கள் கலங்கியிருப்பது புரிகிறது. கேம்பிரிட்ஜின் 'டிரைபாஸ்' தேர்வில் இரண்டாம் வகுப்பே மேல்நிலை, கீழ்நிலை என இரண்டு பிரிவாக இருக்கும். அவளுக்குக் கிடைத்தது மேல்நிலை என்றால் வருந்த ஒன்றுமே இல்லை. கீழ்நிலை என்றாலும் அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் தத்தம் பள்ளியில் முதலிடம் பிடித்துப் பழகியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல்முறையாக நடுவரிசைக்கு வருகிறார்கள். பதினெட்டு வயதில் அதைத் தாங்குவது எளிதில்லை. அந்த ஆண்டில்தான் உங்கள் மகள் நாடகக் குழுவைத் தேடிப் போயிருந்தால், எனக்கு அதில் வியப்பில்லை.

அங்கே படிப்பு நடக்கும் விதத்தையும் நீங்கள் அறிய வேண்டும். ஒரு பருவத்தில் வகுப்புகள் நடப்பது எட்டே வாரம்தான். அதற்குள் விரிவுரைகள், 'எக்ஸாம்பிள் ஷீட்' என்ற கணக்குத் தாள்கள், அவற்றைப் போட்டுக்கொண்டு ஓரிருவராக ஆசிரியர் முன் உட்காரும் 'சூப்பர்விஷன்' எல்லாம் அடுக்கடுக்காக வரும். எந்தக் கணக்கில் தடுமாறினாள் என்பது அங்கே எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எப்போதும் அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணுக்கு, மதிப்பெண் இல்லாத வேலை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் நாடகம் புதிதாக வந்த பொழுதுபோக்கும் இல்லை. ஏடிசி என்ற மாணவர் நாடகக் கழகம் 1855-இல் தொடங்கியது. 1882 முதல் பண்டைய கிரேக்க நாடகங்களைக் கிரேக்க மொழியிலேயே மேடையேற்றி வருகிறார்கள். ஃபுட்லைட்ஸ் என்ற நகைச்சுவைக் குழு 1883-இல் பிறந்தது. பட்டப்படிப்பில் நடிப்புக்கென்று தனித் துறை இல்லாத இடத்தில், மற்றப் பாடங்களைப் படிப்பவர்களே சேர்ந்து இதையெல்லாம் நடத்துகிறார்கள். பின்னாளில் புகழ் பெற்ற ஆங்கில நடிகர் ஹியூ லாரி மானுடவியல் படிக்க வந்தவர், படகுப் போட்டி வீரர். நோயால் துடுப்பை விட நேர்ந்தபோதுதான் ஃபுட்லைட்ஸில் சேர்ந்தார். உங்கள் மகளும் அப்படிப் புகழ் பெறுவாள் என்று ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. மாணவ நாடகக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு வேறு வேலைக்குத்தான் போகிறார்கள்.

'நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. விளக்கு வேலை என்றால் சுவிட்சைத் தட்டுவது என்று நினைத்துவிட்டீர்கள். பிரதியைப் படித்து, எந்தக் காட்சியில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி விழ வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். விளக்குகளை மேலே மாட்டி ஒவ்வொன்றையும் குறிவைத்துத் திருப்ப வேண்டும். ஒளி மாறும் ஒவ்வொரு கணத்தையும் வரிசையாகக் கணினிப் பலகையில் பதிந்துவைத்து, நாடகம் நடக்கும்போது மேடை மேலாளர் காதில் சொல்லும் அந்த நொடியில் இயக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் நடிகர் இருட்டில் பேசிக்கொண்டிருப்பார். கடைசிக் காட்சி முடிந்த பிறகு அரங்கைப் பிரித்து அடுத்த குழுவுக்கு இடம் விடும் வேலையும் இருக்கிறது. கைதட்டல் வாங்க முன்னால் போய் நிற்காமல் இத்தனையும் செய்கிறாள் என்றால், உங்கள் பெண்ணின் குணத்தை நான் மெச்சுகிறேன். முதலிடத்துக்கே வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது எளிதில் வருவதில்லை.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று நான் தள்ளவில்லை. நாடகத்துக்கான நேரம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். பெரும்பாலும் தூக்கத்திலிருந்து வரும். ஆகவே அடுத்த முறை பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். கணக்குத் தாள்களைச் சூப்பர்விஷனுக்கு முன் முடிக்க முடிகிறதா, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள், ஒரு பருவத்தில் எத்தனை நாடகங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று கேளுங்கள். தாள்கள் முடியாமல் போவது தொடர்ந்தால், கல்லூரியில் மாணவர் நலனைக் கவனிக்கும் 'டியூட்டர்' ஒருவர் அவளுக்கென்று இருப்பார். அவரிடம் அவளே போய்ப் பேசட்டும். நீங்கள் எழுதிக் கேட்டால், அவள் சம்மதம் இல்லாமல் கல்லூரி எதையும் சொல்லாது.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கல்வியாண்டின் கடைசிப் பருவமான ஈஸ்டர் பருவத்தில்தான் தேர்வுகள். அந்த வாரங்களில் நாடகப் பொறுப்பு எதையும் ஏற்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். தேர்வு முடிந்ததும் ஜூனில் 'மே வாரம்' என்ற கொண்டாட்டம் வரும். அப்போதும் நாடகங்கள் உண்டு. விளக்குப் போட ஆள் தேவைப்படும்.